கார் விடும் மூச்சு

நம்மிடம் முன்னர் பௌதிகவியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்து வாழ்ந்து வருகிறார். தொழில் செய்து சேர்த்த பணத்திலே, முன்பு வேறொருவர் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் வாங்கினார். அந்த மகிழ்ச்சியை நமக்கும் எழுதி அறிவித்தார். மடலுடன் மூன்று படங்கள் வந்தன. மூன்றும் வளைந்து நெளிந்து பளபளக்கும் உருக்குக் குழாய்களின் படங்கள். “சேர், காருக்கு இவற்றில் ஒன்றை வாங்கிப் பூட்ட எண்ணியிருக்கிறேன். எதை வாங்கலாம்?” என்பது அவருடைய கேள்வி.

துவிச்சக்கர வண்டியிலும் பஸ் வண்டியிலும் பயணஞ் செய்து பழகிய நம்மிடம் இத்தகைய கேள்வி வந்தமை முதலில் நகைப்பையே தந்தது. ஆயினும் படங்களை உற்று நோக்கியபோது, வகுப்பிலே நாம் கற்பித்த ஒலியலைப் பாடமும் வெப்ப விரிவுப் பாடமும் அக்குழாய்களுக்குள் அடங்கியிருக்கக் கண்டோம். இரசாயனவியலிலும் ஒரு பகுதி அங்கே இருந்தது. ஆகவே சில நாள் படித்தும் கணக்கிட்டும் பார்த்து மறுமொழி எழுதினோம். அது மாணவர்க்கும், கார்ப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர்க்கும் பயன்படலாம் என்று தோன்றியமையால், அதன் சாரத்தை ஈண்டுத் தருகின்றோம்.

காரும் அதன் குறையும்

அவர் வாங்கியது சுபாரு நிறுவனத்தின் பீ.ஆர்.இஸட். என்னும் கார், 2013 ஆம் ஆண்டுக்குரியது. டொயோட்டாவும் சுபாருவும் கூடி உருவாக்கிய இக்கார் 2012 இல் விற்பனைக்கு வந்தது. இரு நிறுவனங்களின் பெயரிலும் விற்கப்பட்டபோதிலும், ஜப்பானின் குன்மா மாவட்டத்திலுள்ள சுபாருவின் தொழிற்சாலையிலேயே அது செய்யப்பட்டது. டொயோட்டா தன் காருக்கு இட்ட பெயர் ‘86’. அப்பெயர் 1983 இல் வெளிவந்த ஏ.ஈ.86 என்னும் சிறு காரை நினைவூட்டுவது. எஞ்சினிலே ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீற்றர். உள்ளே முசலம் நகரும் தூரமும் 86 மில்லிமீற்றரே.

சிலிண்டர்கள் நான்கு. அவை நிமிர்ந்து நில்லாமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. எதிரெதிரே நகரும் முசலங்கள் குத்துச்சண்டை வீரனின் இரு கைகளை ஒத்திருப்பதால் இவ்வகை எஞ்சினைப் ‘பொக்ஸர்’ என்பர். அளவு 1998 கன சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 7000 சுற்றிலே 200 குதிரைவலுவையும், ஏறத்தாழ 6400 சுற்றிலே 205 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையையும் அது தருவது.

ஆட்டுக்கல்லைச் சுற்றும் கையின் திருப்பும் வலிமையை முறுக்குவிசைக்கு உவமையாகக் கொள்ளலாம். அந்த வலிமையோடு, எத்துணை விரைவாகச் சுற்றுகிறோம் என்பதையும் சேர்த்துக் கணிப்பது குதிரைவலு. இக்காரின் முறுக்குவிசையை வரைபடமாகக் கீறினால், கோடு மேலேறிச் சென்று, 3000 சுற்றுக்கும் 4500 சுற்றுக்கும் இடையிலே ஒரு பள்ளத்தில் இறங்கி, மீண்டும் ஏறுவதைக் காணலாம். வீதியிலே முன்செல்லும் வண்டியைக் கடக்க எண்ணி மிதியை அழுத்தும்போது எஞ்சின் பெரும்பாலும் நிற்பது இந்த இடத்திலேதான். அழைத்த குரலுக்கு ஆள் எழுந்து வரச் சற்றுத் தாமதிப்பது போன்ற ஓர் உணர்ச்சி ஓட்டுபவருக்கு ஏற்படுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்று சொல்லியே குழாய் விற்போர் தம் பொருளை விற்கின்றனர்.

ஹெடர் செய்யும் வேலை

எரிந்த வாயு எஞ்சினை விட்டு நீங்கும்போது முதலில் நுழையும் குழாய்த் தொகுதிக்கு ‘ஹெடர்’ என்று பெயர். நான்கு சிலிண்டரிலிருந்தும் நான்கு குழாய்கள் புறப்பட்டு, ஈற்றில் ஒன்றாகக் கூடும். அதற்குப் பின்னரே நம்மவர் சைலன்சர் என்று சொல்லும் பகுதி வருகிறது.

திருவிழா முடிந்து கோயிலின் நான்கு வாயில்களாலும் அடியார்கள் ஒரே தெருவுக்கு வருவதாக எண்ணிக்கொள்வோம். நால்வாயிற் கூட்டமும் ஒரே கணத்தில் தெருமுனையை அடைந்தால் நெரிசல் உண்டாகும். பின்னால் நிற்பவர்கள் உள்ளேயே தங்கிவிடுவர். ஒரு வாயிற் கூட்டம் கடந்த பின் மற்றொரு வாயிற் கூட்டம் வருமாயின் யாவரும் தடையின்றிச் செல்வர். ஹெடரின் முதல் வேலை இவ்வாறு முறை வகுப்பது.

இரண்டாவது வேலை நுட்பமானது. வெளியேற்றும் வால்வு திறந்ததும் அமுக்கம் மிகுந்த வாயு அலையாகக் குழாய் வழியே ஓடுகிறது. குழாய் முடிந்து அகன்ற வெளியைச் சேரும் இடத்தில் அந்த அலை தெறிக்கிறது. திறந்த முனையிலே தெறிக்கும் அமுக்க அலை, அமுக்கங் குறைந்த அலையாய்த் திரும்பி வரும் என்பதைப் புல்லாங்குழலின் பாடத்திலே மாணவர் கற்றிருப்பர். அவ்வலை தக்க தருணத்தில் வால்வை வந்தடையுமாயின், சிலிண்டரில் எஞ்சி நின்ற வாயுவையும் உறிஞ்சி எடுக்கும். உள்ளிழுக்கும் வால்வு அப்போது திறக்கத் தொடங்கியிருப்பதால் புதுக்காற்று நுழைவதற்கும் துணைபுரியும். தருணந் தவறி வந்தாலோ, அமுக்கம் மிகுந்த பிறிதோர் அலை அவ்வேளையில் வால்வை எதிர்த்து நின்றாலோ, எஞ்சினின் மூச்சுத் தடைப்படும். முன்னர்க் கூறிய பள்ளம், உள்ளிழுக்கும் குழாய்களிலும் வெளிவிடும் குழாய்களிலும் ஓடும் இத்தகைய அலைகளின் கூட்டு விளைவேயாம்.

அலையின் கணக்கு

அந்தத் தருணத்தை வகுப்பது குழாயின் நீளம். சூடான வாயுவில் அலையின் வேகம் வினாடிக்கு 500 மீற்றர் என்று கணக்கின் எளிமைக்காகக் கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றினால், ஒரு சுற்றுக்கு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு செல்லும். அலை சென்று திரும்புவதற்குச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உண்டு என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது வினாடியில் முந்நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் அலை ஓடும் தூரம் 1.67 மீற்றர். போகவும் வரவுமான தூரம் அது. ஆகையால் குழாயின் நீளம் அதிற் பாதியாகிய 83 சென்ரிமீற்றர் ஆகும்.

இப்போது 4000 சுற்றுக்கு அதே கணக்கைச் செய்து பார்ப்போம். கிடைக்கும் நேரம் வினாடியில் இருநூற்றில் ஒரு பங்கு. அலை ஓடுவது 2.5 மீற்றர், குழாயின் நீளம் 1.25 மீற்றர். ஒரு சுற்றுக்கு ஏற்ற நீளம் மற்றொன்றுக்கு ஏற்றதாகாமை இதனால் விளங்கும். நீண்ட குழாய் தாழ்ந்த சுற்றுக்கு உதவும். குறுகிய குழாய் உயர்ந்த சுற்றுக்கு உதவும். உண்மையான எஞ்சினில் வெப்பநிலையும் வால்வின் நேரமும் மாறுபடுவதால் கணக்கு இதனிலும் சிக்கலானது. ஆயினும் அடிப்படை இதுவே.

குழாயின் விட்டமும் அப்படித்தான். அகலமான குழாய் உயர்ந்த சுற்றிலே வெளிவரும் பெருந்தொகை வாயுவுக்கு வழிவிடும். தாழ்ந்த சுற்றிலோ வாயு அதனுள் வேகங் குன்றித் தளர்ந்துவிடும். ஒடுங்கிய குழாய் தாழ்ந்த சுற்றில் வேகத்தைக் காக்கும். உயர்ந்த சுற்றில் தடையாகும். “எஞ்சினுக்குப் பின்னமுக்கம் கொஞ்சம் வேண்டும்” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். எஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் வேகம். ஒடுங்கிய குழாய் அவ்வேகத்தைத் தரும்போது கூடவே சிறிது தடையையும் தருவதால், தடையே நன்மை செய்தது என்று மயங்கிவிட்டனர்.

நான்கு ஒன்றாகும் விதம்

நான்கு குழாய்களும் ஓரிடத்தில் நேரே ஒன்றாகக் கூடுவது ஒரு முறை. நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாவது மற்றொரு முறை. முன்னது பெரும்பாலும் உயர்ந்த சுற்றில் ஒரு குறுகிய எல்லைக்குள் மிகுந்த வலுவைத் தரும். பந்தயத் திடலுக்கு ஏற்றது. பின்னது அந்த உச்சத்திற் சிறிதை விட்டுக்கொடுத்து, நடுச்சுற்றுகளிற் பயனைப் பரப்பிக் கொடுக்கும், வீதிக்கு ஏற்றது.

பொக்ஸர் எஞ்சினில் இன்னுமொரு சிக்கல் உண்டு. சுபாருவின் சிலிண்டர்களில் 1, 3 ஆகிய இரண்டும் ஒரு பக்கம்; 2, 4 ஆகிய இரண்டும் மறு பக்கம். அவை எரியும் ஒழுங்கு 1, 3, 2, 4. ஒரே பக்கத்து இரு சிலிண்டர்களும் அடுத்தடுத்து எரிகின்றன. பின்னர் நெடுநேரம் அப்பக்கம் மௌனமாயிருக்கிறது. ஆகவே அருகருகே உள்ளவற்றை இணைத்தால் நெரிசல் ஏற்படும். 1 ஐ 2 உடனும், 3 ஐ 4 உடனும் இணைத்தால் ஒவ்வோர் இணையிலும் அலைகள் சம இடைவெளியில் வரும். அதற்காகக் குழாய்கள் எஞ்சினின் கீழாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்ல வேண்டும். படத்திலே குழாய்கள் பாம்புகள் போற் பின்னிக் கிடந்தமைக்குக் காரணம் இதுவே, அழகுக்காகச் செய்யப்பட்டதன்று.

மாணவர் அனுப்பிய முதலாவது படத்திலே குழாய்களின் நீளம் சமமாக இல்லை. அலைகள் சந்திப்பை ஒழுங்கின்றி வந்தடைவதால், தவில் தாளந் தப்பி ஒலிப்பது போன்ற தனித்த முழக்கம் பிறக்கும். கொலின் மக்ரே 1995 இல் உலக ரலிப் போட்டியின் வாகைப் பட்டத்தைச் சுபாரு இம்ப்ரெசாவில் வென்ற காலந்தொட்டு, அம்முழக்கத்தைக் காதலிப்போர் உலகெங்கும் உளர். அக்குழாயை வாங்குபவர் ஒலிக்காகவே வாங்குகிறார். அதை அவர் தமக்குத் தாமே ஒப்புக்கொள்வது நல்லது. இரண்டாவது படத்தில் இருந்தது சமநீளக் குழாய், நான்கு இரண்டாகி ஒன்றாவது, விலை மலிவு. மூன்றாவதும் அதே அமைப்பே. ஆனால் விலை அதனிலும் பெரிது. அந்த விலை வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

உருக்கும் வெப்பமும்

சாதாரண மென்னுருக்கினாற் செய்த குழாய் மலிவானது, விரைவில் துருப்பிடிக்கும். நல்ல ஹெடர்கள் பல 304 என்னும் இலக்கமுடைய கறையில் உருக்கினாற் செய்யப்படுகின்றன. அது துருவை எதிர்த்து நிற்கும்; ஆனால் வெப்பத்தில் மிகுதியாக விரியும். ஒரு மீற்றர் நீளமான குழாய் 600 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீள்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் அவ்வளவும் சுருங்குகிறது. ஒவ்வொரு பயணத்திலும் இந்த நீட்சியும் சுருக்கமும் நிகழ்வதால், ஒட்டிணைப்புகளே முதலில் வெடிக்கும். ஆதலின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், ஒட்டு ஒரே சீராக ஓடியிருக்கிறதா, எஞ்சினோடு பொருந்தும் தட்டு வளையாத தடிப்புடையதா, குழாய் நகர்ந்து கொடுக்கும் நெகிழ்ந்த மூட்டு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

விற்பவர் காட்டும் வரைபடத்தையும் எச்சரிக்கையோடு நோக்க வேண்டும். காரின் சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் கருவிக்கு டைனோ என்று பெயர். இரண்டு கருவிகள் ஒரே அளவைக் காட்டுவதில்லை. ஒரே கருவியும் வெயில் நாளில் ஒன்றும் குளிர் நாளில் வேறொன்றும் காட்டக்கூடும். ஒரே கார், ஒரே கருவி, ஒரே நாள், குழாய் மாற்றுமுன் ஒரு கோடு, மாற்றியபின் ஒரு கோடு என்று அளந்திருந்தாலே அது சான்றாகும். உச்சியிலுள்ள ஒரே எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிடுபவரிலும், கோடு முழுவதையும் காட்டுபவரை நம்பலாம். எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகளையும் மாற்றிய பின்பே அளந்தார்களா என்றும் வினவ வேண்டும். மாற்றியிருந்தால், குழாயின் பயன் எது, கணினியின் பயன் எது என்று பிரித்தறிதல் எளிதன்று.

குழாய்க்குள் இருந்த பெட்டி

இனி, அந்த விலை வேறுபாட்டுக்கு வருவோம். இக்காரின் மூல ஹெடரைக் கழற்றிப் பார்த்தால், அதனுள்ளேயே ஒரு பெட்டி இணைந்திருக்கக் காணலாம். அதுவே கற்றலிற்றிக் கொன்வேட்டர் எனப்படும் ஊக்கிப் பெட்டி. தேன்கூடு போன்ற அதன் நுண்டுளைகளிற் பிளாற்றினம், பல்லேடியம், உரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். எரிந்த வாயு அதனூடே செல்லும்போது, நச்சுத்தன்மையுடைய காபனோரொட்சைட்டும், எரியாது எஞ்சிய ஐதரோக்காபன்களும், நைதரசனின் ஒட்சைட்டுகளும் பெரும்பாலும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறிவிடுகின்றன.

இரண்டாவது குழாய் மலிவாக இருந்ததற்குக் காரணம், இப்பெட்டி அதில் இல்லை என்பதே. மூன்றாவதிலே சிறியதொரு பெட்டி உண்டு. எனினும் விற்பனைத் தாளின் அடியில், பந்தயத் திடலில் மட்டும் பயன்படுத்துவதற்குரியது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தனர். இதை மாணவருக்குச் சுட்டிக்காட்டினோம்.

அவர் மறுமொழி எழுதினார். “சேர், பின்னாலுள்ள குழாயில் இன்னுமொரு பெட்டி இருக்கிறது. அது போதாதா? மேலும் இந்த நகரத்தில் ஓடுகிற இலட்சக்கணக்கான கார்களுள் என்னுடையது ஒரு கார்தானே!”

முதற் கேள்விக்கு விடை கூறுதல் எளிது. ஊக்கி தன் வேலையைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரையான வெப்பம் வேண்டும். எஞ்சினுக்கு மிக அருகிலுள்ள பெட்டி விரைவிலே அவ்வெப்பத்தை அடையும். தூரத்திலுள்ளது பிந்தியே அடையும். காலையிலே குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முதல் ஓரிரு நிமிடங்களிலேதான் ஒரு பயணத்தின் நச்சுவாயுவிற் பெரும்பங்கு வெளியேறுகிறது. முன்பெட்டியை எடுத்துவிட்டால் அவ்வேளையில் வாயுவைத் தூய்மை செய்வதற்கு எதுவுமில்லை. வீட்டு முற்றத்திலே, தம் பிள்ளையும் அயலவர் பிள்ளையும் பள்ளிக்குப் புறப்படும் வேளையிலேயே அது நிகழும்.

ஒரு கார்தானே!

இரண்டாவது கேள்வி கடினமானது. ஒரு காரின் வாயு இன்னாருக்கு இன்ன தீங்கைச் செய்தது என்று நம்மாலும் காட்ட முடியாது. ஆயினும் அவர் வாழும் நகரத்தின் வரலாறே அதற்கு விடை சொல்லுகிறது.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின்மேல், கண்ணை எரிக்கும் மங்கலான மூடுபனி ஒன்று அடிக்கடி கவிந்தது. பகலவன் வெளிச்சத்திலும் எதிரேயுள்ள மலைகள் தெரியவில்லை. தொழிற்சாலைகளே காரணம் என்று பலர் எண்ணினர். அந்நகருக்கு அடுத்த பசடீனாவிலே கலிபோர்னியத் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய ஹாகன்-ஸ்மிட் என்னும் ஒல்லாந்த இரசாயனவியலாளர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து வந்தவர். 1950 களின் தொடக்கத்திலே அவர் இந்த மூடுபனியை ஆராய்ந்து, ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் ஓசோன் முதலிய நச்சுப் பொருள்கள் தோன்றுவதைக் காட்டினார். அவ்வாயுக்களைப் பெருவாரியாக வெளியிட்டவை மக்களின் கார்கள். அவற்றை ஓட்டியவர்களுள் ஒவ்வொருவரும், தம்முடையது ஒரு கார்தானே என்று எண்ணியிருக்கக்கூடும்.

அரசன் ஒருவன் ஊரவர் யாவரையும் இரவிலே ஆளுக்கொரு குடம் பால் கொணர்ந்து தடாகத்தில் ஊற்றச் சொன்ன கதையை நம் சிறுவர்களும் அறிவர். மற்றவர் ஊற்றும் பாலிலே தன் ஒரு குடம் நீர் தெரியாது என்று ஒவ்வொருவரும் கருதினர். விடிந்தபோது தடாகம் நிறையத் தண்ணீரே இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வானம் அவ்வாறான தடாகமாக இருந்தது.

1967 இல் கலிபோர்னியாவிலே காற்று வளங்கள் சபை அமைக்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராக ஹாகன்-ஸ்மிட்டே நியமிக்கப்பட்டார். 1970 இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் விரிவாக இயற்றப்பட்டது. 1977 இலும் 1990 இலும் அது திருத்தப்பட்டது. 1975 ஆம் ஆண்டுக்குரிய கார்களிலே ஊக்கிப் பெட்டிகள் பெருவழக்காயின. கார்களின் தொகை பன்மடங்கு பெருகிய பின்பும் இன்று அந்நகர வானம் அக்காலத்தினும் தெளிவாயிருப்பதற்கு, ஒவ்வொரு காரிலும் இருக்கும் இச்சிறு பெட்டியும் ஒரு காரணம்.

சட்டமும் இதனை விளையாட்டாகக் கருதுவதில்லை. வீதியில் ஓடும் காரிலிருந்து இத்தகைய கருவியை அகற்றுதல் அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகும். கலிபோர்னியாவில் மூல ஹெடருக்குப் பதிலாக வேறொன்றைப் பூட்ட விரும்பினால், காற்று வளங்கள் சபை அதற்கு அனுமதி எண் வழங்கியிருத்தல் வேண்டும். ஆண்டு பல சென்ற பெற்றோல் கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றன. பரிசோதகர் எஞ்சினைக் கண்ணாலும் பார்ப்பார். 2021 ஜூலை முதல், எஞ்சினை ஆளும் கணினியின் கட்டளைகள் மாற்றப்பட்டுள்ளனவா என்பதும் அங்கே பார்க்கப்படுகிறது. மூன்று படங்களில் எதிலும் அனுமதி எண் காணப்படவில்லை.

நாம் சொன்ன முடிவு

இவற்றையெல்லாம் எழுதி, ஈற்றில் நம் முடிவையும் சொன்னோம்.

“தம்பி, இம்மூன்றில் எதையும் நீர் வாங்க வேண்டாம். அனுமதி எண்ணுள்ள குழாய் உமது காருக்குக் கிடைத்தால், நீளத்தையும் விட்டத்தையும் இணைப்பு முறையையும் நாம் சொன்னபடி ஆராய்ந்து, பணம் மிஞ்சினால் வாங்கும். அதுவரை, பள்ளம் எந்தச் சுற்றில் இருக்கிறது என்பதை அறிந்து வைத்திரும். முன்வண்டியைக் கடக்குமுன் ஒரு கியர் குறைத்தால் எஞ்சின் அப்பள்ளத்தைத் தாண்டி நிற்கும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. கையிலுள்ள பணத்தை முதலில் டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடும். வேகம் கூட்டுவதிலும் வேகத்தை அடக்குவது முந்திய தேவை.”

இன்னுமொரு செய்தியையும் சேர்த்து எழுதினோம். 2021 இல் இக்காரின் இரண்டாந் தலைமுறை வெளிவந்தது. உற்பத்தியாளர்களே அந்தப் பள்ளத்தைக் கருதி எஞ்சினை 2387 கன சென்ரிமீற்றராகப் பெருப்பித்தனர். முன்னர் 6400 சுற்றை அண்டியே கிட்டிய உச்ச முறுக்குவிசை, இப்போது 250 நியூற்றன் மீற்றராகி, 3700 சுற்றிலேயே கிட்டியது. ஊக்கிப் பெட்டியை அவர்கள் எடுத்துவிடவில்லை. தூய்மையையும் காத்து, ஒலியையும் அடக்கி, குளிர் நாட்டிலும் வெப்ப நாட்டிலும் ஓடத்தக்கதாக ஒரு குழாயைச் செய்பவன் பல நன்மைகளைத் தராசிலிட்டு நிறுத்தே செய்கிறான். அதைக் கழற்றி எறிபவன், அவற்றுள் எதை இழக்கிறான் என்று அறிந்து எறிதல் வேண்டும்.

இஃது அந்நிய நாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் நாட்டிலும் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெற்று வருகிறது. ஆயினும் மோட்டார்ச் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, நள்ளிரவிலே ஒழுங்கை அதிர ஓடும் இளைஞர்களை நாம் காண்கின்றோம். ஒலி பெருத்தமையால் வலு பெருத்தது என்று அவர்கள் நம்புகின்றனர். வலு கூடிற்றா குறைந்ததா என்று அளந்து பார்த்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. நோயாளி விழித்ததையும் குழந்தை அழுததையும் எந்த டைனோவும் அளந்து காட்டாது. பெற்றோர் இவ்விளைஞரை வைவதிலும், மேலே கூறிய அலையின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “இதைச் செய்து பார்” என்று சொல்வதாற் பயன் விளையும் என்பது நம் அனுபவம். இயந்திரத்தை நேசிக்கும் பிள்ளைக்கு அதன் உண்மையை அறியும் ஆசையும் உள்ளே இருக்கும்.

சென்ற கிழமை மாணவரிடமிருந்து மீண்டும் ஒரு மடல் வந்தது. புதிய டயர் நான்கும் பிரேக் கட்டைகளும் வாங்கினாராம். மழை பெய்த ஒரு மாலையில், நெடுஞ்சாலையில் முன்வண்டி திடீரென நின்றபோது தம் கார் நேரே நின்றது என்று எழுதியிருந்தார். 1.25 மீற்றர்க் கணக்கைத் தாமும் செய்து பார்த்து, நாம் வாயுவின் வெப்பநிலையைக் குறைத்து மதித்துவிட்டோம் என்று நம்மைத் திருத்தியும் இருந்தார். அத்திருத்தத்தை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டோம். கடைசி வரி வருமாறு: “அந்த இரண்டாவது குழாயின் படத்தை இன்னும் அழிக்கவில்லை, சேர். பார்க்க வடிவாக இருக்கிறது.”

பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் தீங்கில்லை.